வராண்டாம் என்ற சொல்

தக்கலை
1-10-2024

அத்தைக்கு,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து பத்து மாதம் ஆகப்போகிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஆதிரா நன்றாக இருக்கிறாள். இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். மழை பெய்தால் மட்டும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். மற்றபடி சாப்பாடு, படிப்பு எதிலும் குறை இல்லை.

நான் எழுத வந்தது வேறு. ஐப்பசி பிறக்கப்போகிறது. போன மார்கழி வெள்ளத்தில் மாமாவின் மேல் விழுந்த பின்சுவரை நீங்கள் இன்னும் கட்டவில்லை என்றும், தார்ப்பாயைக் கட்டித் தென்னந்தடியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றும் சுஜித் மஸ்கட்டில் இருந்து சொன்னார். பழையாற்றுக்கும் அந்தத் தார்ப்பாய்க்கும் நடுவில் ஒரு வாழைத்தோட்டம்தான் இருக்கிறது. அவர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "அம்மா என் பேச்சக் கேக்கமாட்டேங்கா, நீ ஒருக்கா எழுதிப் பாரு" என்கிறார். என் பேச்சை நீங்கள் கேட்பீர்கள் என்று உங்கள் மகன் நினைப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

மழை வலுக்கும் முன்னால் அந்த வீட்டை விட்டு வந்துவிடுங்கள். இங்கே என் அப்பா வீட்டுக்கு வர மனமில்லை என்றால் நாகர்கோவிலில் ஒரு வாடகை வீடு பார்க்கிறேன். என்னோடு பேச வேண்டாம். என் கையால் ஒரு டம்ளர் வெள்ளம்கூட வாங்கிக் குடிக்க வேண்டாம். வீட்டை விட்டு வந்தால் போதும்.

லட்சுமிப்ரியா


தாணுமங்கலம்
9-10-2024

லெட்சுமிக்கு,

கிழிக்கவில்லை. தபால்காரர் வாசலில் நின்று, "மருமக எழுத்துல்லா" என்று சிரித்தார். அவர் முன்னால் கிழித்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் படித்தேன்.

ஒரு டம்ளர் வெள்ளம் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் தக்கலைப் பேச்சில் குடிக்கிறதும் வெள்ளம், ஆளைக் கொல்லுகிறதும் வெள்ளம். கல்யாணமாகி வந்த புதிதில் உன் மாமா அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்வார். நீயும் கோபப்பட மாட்டாய். அந்த அளவுக்கு உன்னை மகளாக வைத்திருந்தார்.

வர வேண்டாம் என்று சொன்ன வாய் இப்போது வா என்கிறது. உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

உன் மாமாவின் அண்ணன் பகவதியப்பன் அத்தான் செத்து, பதினாறாம் நாள் சடங்கு கழியாத வீடு. அவர் கிடந்த பின்னறையில் அவருக்காக ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் மைக் கட்டின ஆட்டோ வந்தது. ஆற்றங்கரை எப்போது வேண்டுமானாலும் உடையும், எல்லாரும் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள் என்று கத்திக்கொண்டு போனான். உன் மாமா உன்னையும் பிள்ளையையும் டிராக்டரில் ஏற்றிவிட்டார். "நீ போய் எடம் பாத்துட்டு விளி மக்கா, நாங்க பொறவே வாறோம்" என்றார். நான் ஒரு மாற்றுச் சேலையை மடித்துப் பையில் வைத்தேன். செருப்புப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீ போனில் விளித்தாய்.

அவர் "ம், ம்" என்று கேட்டார். "சரி மக்கா, பிள்ளைய நனைய விடாத" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வராண்டாம்னு சொல்லுகா உன் மருமக" என்றார். கதவைச் சாத்தினார். "வேதக்கோயில் கஞ்சி குடிக்கவா எளா நாம பொறந்தோம்" என்று மேட்டு மாதா கோயிலைச் சொல்லி ஒரு சிரிப்பு வேறு. ஊர் முங்கினாலும் அவருக்கு ஒரு கேலி வேண்டும். நான் செருப்பைக் கழற்றினேன்.

மத்தியானத்துக்குள் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. விளக்கைத் தூக்கி மாடத்தில் வைக்கிறேன் என்று பின்னறைக்குப் போனார். சுவர் விழுந்தது. நான் முன்னறையில் நெல் போடுகிற பத்தாயத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவரை விளித்தேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து நான் அவர் பேரைச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அய்யம்பெருமாள், அய்யம்பெருமாள் என்று தொண்டை போகும் வரைக்கும் சொன்னேன். கடற்கரையில் இருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மரியான் என்பவர் கூரை ஓட்டைப் பிரித்து என்னைத் தூக்கியபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேனாம்.

அன்றைக்கு வேண்டாதவள் இன்றைக்கு உனக்கு எதற்கு? நான் இங்கேயே கிடந்துகொள்கிறேன்.

வடிவாம்பாள்


தக்கலை
18-10-2024

அத்தை,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் குளியலறையில் வைத்துப் படித்தேன். செருப்பைக் கழற்றினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத் திரும்பவும் படித்தேன். மாமாவின் பேரை நீங்கள் சொன்னது எனக்கு இதுவரை தெரியாது.

நான் போனில் என்ன சொன்னேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் சொல்ல வந்தபோதெல்லாம் சுஜித் "இப்போ வேண்டாம், அம்மா தாங்கமாட்டா" என்று தடுத்துவிட்டார். எழுதலாமா என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

டிராக்டரில் இருந்து இறங்கி மண்டபத்துப் படியில் கால் வைத்தோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற முத்துநாயகம் மாமா வாசலில் கையை நீட்டி மறித்தார். "கோவப்படாத மக்கா. பதினாறு கழியாத வீட்டு ஆளும் புருஷன் போய் ஆண்டு கழியாதவளும் மண்டபத்துக்குள்ள ஏறக்கூடாதுல்லா. நான் சொல்லுகதில்ல, உன் மாமா போட்ட சட்டமாக்கும்" என்றார். மாமா கோயில் தலைவராக இருந்தபோது போட்ட சட்டம்தான். போன வெள்ளத்துக்கு முந்தின வெள்ளத்தில் நம் ஊர்ச் செல்லக்கனி, புருஷன் செத்த வாரமே, இரண்டு பிள்ளைகளோடு அந்தப் படியில் வந்து நின்றாளாம். மாமாவே அவளைத் திருப்பி அனுப்பினாராம். பக்கத்தில் நின்ற பெண்கள் அதைச் சொன்னார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

பிள்ளையை இழுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் போனேன். அங்கேயும் ஒழுகியது. ஆதிராவுக்கு உதடு நீலமாகிவிட்டது. அப்போது மேட்டில் இருக்கிற மாதா கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ஜாஸ்பர் வேனில் வந்தார். "ஏன் இங்க நிக்கியோ? எங்க ஹால் தெறந்துதான் கெடக்கு, கஞ்சி காச்சுகோம், ஏறுங்கோ" என்றார். வீட்டில் தீட்டு என்று சொன்னேன். "இந்த மழையில என்ன தீட்டு" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி வேனில் வைத்துவிட்டார்.

ஹாலுக்குப் போய்ப் பிள்ளைக்குத் துணி மாற்றிவிட்டுத்தான் மாமாவை விளித்தேன். நான் சொன்னது இதுதான். "மாமா, மண்டபத்துக்கு வராண்டாம். அங்க நம்மள ஏத்தமாட்டாங்க, உங்களுக்கு அவமானம். மேட்டுல வேதக்கோயில் ஹாலுக்கு வாங்கோ. கஞ்சி காச்சுகாங்க, கெடக்க எடமிருக்கு." அவர் "ம்" என்று கேட்டார். "சரி மக்கா, பிள்ளைய நனைய விடாத" என்றார். நடந்து வருவார் என்று நினைத்து உங்கள் இரண்டு பேருக்கும் சுவர் ஓரமாகப் பாய் விரித்துப் போட்டு, வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் என் பையை அதன் மேல் வைத்தேன்.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது, நீங்கள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். 'வேதக்கோயில் கஞ்சி குடிக்கவா எளா நாம பொறந்தோம்.' அத்தை, வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்த மாமாவுக்கு வேதக்கோயிலில் கஞ்சி காய்ச்சுவது எப்படித் தெரியும்?

உங்களை ஜெயிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஜெயித்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? மழை தினமும் சாயங்காலம் வருகிறது. பேச்சிப்பாறை அணையில் நீர்மட்டம் ஏறுகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். வந்துவிடுங்கள்.

லட்சுமிப்ரியா


தாணுமங்கலம்
26-10-2024

லெட்சுமிக்கு,

செத்த மனுஷனைப் பொய்யனாக்க உனக்கு ஒரு தபால்தலை போதுமாக இருக்கிறது.

அவர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. மாத்திரை போடாமல் போட்டேன் என்று சொன்னால்கூட முகத்தில் தெரிந்துவிடும். என் கண்ணைப் பார்த்துத்தான் அன்றைக்கும் சொன்னார். வேதக்கோயில் கஞ்சியைப் பற்றி மைக் ஆட்டோக்காரன் சொல்லியிருப்பான். அல்லது வழியில் போன யாராவது சொல்லியிருப்பார்கள். வெள்ளம் வந்தால் வேதக்காரர்கள் கஞ்சி காய்ச்சுவது உலகத்துக்கே தெரியும். இதைப் பெரிய துப்பு மாதிரி எழுதியிருக்கிறாய்.

சரி, உன் பேச்சுக்கே வருகிறேன். உயிர் பிழைக்க இடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தும், கட்டின பெண்டாட்டி பக்கத்தில் பையோடு நிற்கும்போது, கதவைச் சாத்துகிற மனுஷனா அவர்? அவருக்குத் தலைவர் பட்டம் பெரிதாக இருக்கலாம். என் உயிரைவிடவா?

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

வடிவாம்பாள்


தக்கலை
6-11-2024

அத்தை,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

போன கடிதத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. பெட்டியில் போட்ட மறுநிமிடமே தெரிந்துவிட்டது. கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். உங்களுக்கு இருந்ததே ஒரு நம்பிக்கை. அதில் போய்க் கையை வைத்துவிட்டேன்.

அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். நான் சொன்னது பொய். ஹாலுக்கு வாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. வராண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நின்று நான்தான் மாமாவைக் கொன்றேன் என்று சொல்லச் சொன்னாலும் வந்து சொல்கிறேன். சுஜித்திடமும் சொல்கிறேன். அவர் என்னோடு வாழ்வதும் வாழாததும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தார்ப்பாய்ச் சுவரை நம்பி அங்கே இருக்காதீர்கள்.

ஆதிரா நேற்று, "ஆச்சி வீட்டுக்கு நாம எப்போ போவோம்" என்று கேட்டாள். மழை விட்டதும் என்றேன். "ஆச்சி மட்டும் மழையில ஏன் அங்க இருக்கா?" என்றாள். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

லட்சுமிப்ரியா


தாணுமங்கலம்
22-11-2024

லெட்சுமிக்கு,

வி.ஏ.ஓ. வந்தார். "அம்மா, நாங்க சொன்னோம், நீங்க வரல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. நாளைக்கு எங்களக் கேப்பாங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். நல்ல மனுஷன், எழுந்து போகும்போது வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

நீ உன் தலையில் பழியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னை விலைக்கு வாங்கப் பார்க்கிறாய். பொய் என்று நீ சொன்னால் பொய் ஆகிவிடுமா? தினமும் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கஞ்சிப் பேச்சுதான் காதில் கேட்கிறது. அந்தச் சிரிப்பும் கேட்கிறது. முன்னால் கேட்கும்போது எனக்கும் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. அதைச் செய்துவிட்டாய்.

நான் வரவில்லை. இந்த வயதில் செத்தால் யாருக்கு என்ன நட்டம்?

வடிவாம்பாள்


தக்கலை
10-12-2024

அத்தை,

இது உங்கள் கைக்கு வருவதற்குள் மழை வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ரெட் அலர்ட் கொடுத்திருக்கிறார்கள். போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆதிராவின் பள்ளிக்கூடத்துக்கு நாளையில் இருந்து லீவு.

சுஜித் டிக்கெட் பார்க்கிறார், கிடைக்கவில்லை. போனில் அழுகிறார். மஸ்கட்டில் அவருக்கு வெயில், இங்கே மழையைப் பற்றி அழுகிறார் என்று அறையில் இருக்கிறவர்கள் கேலி செய்கிறார்களாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ பேசிக்கொண்டு நானே வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்பேன். மழை நனைந்தால் நனையட்டும். உங்களைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். திட்டிக்கொண்டே வாருங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

லட்சுமிப்ரியா


தாணுமங்கலம், கோயில் கல்யாண மண்டபம்
16-12-2024

மக்கா லெட்சுமி,

உன் கடிதத்தைச் சனிக்கிழமைதான் தபால்காரர் மண்டபத்துக்கே கொண்டுவந்து தந்தார். நீ வெள்ளிக்கிழமை வந்தது எனக்குத் தெரியும். முட்டளவு தண்ணீரில் வீட்டு வாசலில் நின்று விளித்தாய் என்று சொன்னார்கள். பிறகு இங்கே வந்து தேடினாய். நான் உள்ளே மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் இருந்தேன். உன் சத்தம் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது உனக்கு. நான்தான் முத்துநாயகத்திடம், "சொகமா இருக்கேன்னு மட்டும் சொல்லும், பாக்கமாட்டேன்னு சொல்லும்" என்று சொல்லி அனுப்பினேன்.

எப்படிக் கிளம்பினேன் என்று கேட்பாய். வெட்கமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை மத்தியானம் தார்ப்பாய் கிழிந்து பறந்தது. தண்ணீர் அடுக்களைக்குள் வந்து கணுக்காலைத் தொட்டது. சாகத் தயார் என்று ஒரு வருடமாக எல்லாரிடமும் வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தவள், கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பயம். வேறு ஒன்றும் இல்லை. அன்றைக்கும் எனக்கு இதே பயம்தான் இருந்தது, சொல்லவில்லை.

மண்டபத்துக்கு நடந்தே வந்தேன். நம் வீட்டில் இருந்து கோயிலுக்குப் பால் கொண்டு போகிற தூரம்தானே. படியில் ஏறாமல் கீழே நின்றேன். முத்துநாயகம் ஓடி வந்தார். "வாருங்கோ மைனி, ஏன் நனஞ்சிட்டு நிக்கியோ" என்றார்.

"அவரு போய் ஆண்டு கழியலையே" என்றேன்.

"அதெல்லாம் இப்போ யாரு பாக்கா? கேறி வாருங்கோ."

"சட்டத்த எப்போ மாத்துனியோ?"

"மாத்தவொண்ணும் இல்ல மைனி. அண்ணாச்சி போனதுக்குப் பொறவு யாரும் கேக்கல்ல, நாங்களும் சொல்லல்ல" என்றார்.

அவ்வளவுதான் லெட்சுமி. கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். துண்டு தந்தார்கள். பாய் தந்தார்கள். பக்கத்துப் பாயில் செல்லக்கனி இருந்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாதா கோயிலில் இருந்து கஞ்சி வந்தது. அண்டாவைத் தூக்கி வந்த ஜாஸ்பரிடம் நானே போய் உன் பேரைச் சொன்னேன். அவருக்கு உன்னை ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு பாயி விரிச்சுப் போட்டுட்டு வாசலையே பாத்துட்டு நின்னாங்க. எடம் பத்தாம ஆளுக வந்தப்பவும் அத விடல்ல. மாமாவும் அத்தையும் வருவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்றார். கஞ்சியைக் குடித்தேன். உப்புக் குறைவு. பசித்தது, இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன்.

ஆக, நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கு ஒரு சொல்லை மட்டும் தந்திருக்கிறார். பழைய தலைவர் வீட்டு ஆளை மறிக்க மாட்டார்கள் என்று நினைத்து உன்னை அனுப்பியிருப்பார். மறித்த பிறகு, செல்லக்கனியைத் திருப்பின வாசலில் போய் நிற்கவும் முடியாது, வேதக்கோயிலுக்குப் போகவும் முடியாது. சொன்னால் நான் போவோம் என்று சொல்லியிருப்பேன். அதனால் உன் பேரைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். நான் பையோடு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார்.

வீட்டின் பின்பக்கம் முழுவதும் போய்விட்டதாம். முன்னறை நிற்கிறதாம். மழை விட்டதும் அங்கே போய்விடுவேன். தக்கலைக்கு வர மாட்டேன். நீ பொய் சொன்னவளாக இருந்திருந்தால், திட்டிக்கொண்டாவது உன்னோடு வந்து இருந்திருப்பேன். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உன்னைக் குத்திக் குத்திப் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். உண்மை சொன்னவள் முகத்தை எப்படித் தினமும் பார்ப்பது?

நாற்பது வருடத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் நடத்தினேன். இனி உட்கார்ந்து அவர் மேல் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. என் உயிர் அவருக்கு எத்தனாவது என்று கணக்குப் பார்க்கவும் தெம்பு இல்லை. அடுத்த வாரம் ஆண்டுத் திவசம். பிண்டம் வைக்கும்போது அவர் நல்லவராக இருக்க வேண்டும் எனக்கு.

அதனால் என் கோபம் உன் மேலேயே இருக்கட்டும் மக்கா. ஊரில் யார் கேட்டாலும், சுஜித் கேட்டாலும், நாளைக்கு ஆதிரா வளர்ந்து வந்து கேட்டாலும், நீதான் வர வேண்டாம் என்று சொன்னாய் என்றுதான் சொல்லுவேன். நீ பொறுத்துக்கொள்.

வடிவாம்பாள்